சீட்டெடுத்த கை

பழவேற்காட்டு ஏரியில் விடியற்காலைப் பனி இறங்கிவிட்டால் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தோணி ஏரியில் போகிறதா மேகத்தில் போகிறதா என்று உள்ளே இருப்பவனுக்கே சந்தேகம் வரும். பூநாரைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் ஆழம் இல்லை என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கோட்டைக்குள் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள் மணியடிப்பார்கள். அந்தச் சத்தம் மட்டும் பனிக்குள் மிதந்து வந்து, இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் கடல் என்று சொல்லிவிட்டுப் போகும். அங்கமுத்து வாழ்ந்தது அந்தக் காலத்தில், அந்த ஏரியில். அவனை மகான் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். அவன் வலை பின்னுகிறவன், தப்புச் செய்தவன், அவ்வளவுதான்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்தது அவன் குப்பம். அங்கே வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். நல்ல பாடும் உண்டு, பொல்லாத பாடும் உண்டு. எல்லாரும் நல்ல இடத்துக்கே பாய்ந்தால் மண்டைதான் உடையும் என்பதால், சித்திரை மாதம் அம்மன் கோயில் முன்னால் சீட்டெடுத்து அந்த வருஷத்துக்கு யாருக்கு எந்தப் பாடு என்று முடிவு செய்வார்கள். சீட்டு என்றால் ஓலை இல்லை, மட்டிச் சிப்பி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிப்பி. உள்பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் அடையாளம் கீறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். முதலில் வரும் சிப்பிக்கு நடு ஏரியில் இறால் ஓடும் ஓடைப்பாடு. கடைசியில் வருவதற்கு முகப்பாடு.

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை ஒட்டியது முகப்பாடு. அங்கே மீன் இல்லாமல் இல்லை. ஆனால் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், மழைவெள்ளம் சேர்ந்து ஏரி கடலுக்குள் இழுக்கும்போது அங்கே கழி நிற்காது, வலை நிற்காது, சில நாள் தோணியே நிற்காது. அந்தப் பாடு தனக்கு விழுந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்ட ஆம்பிளைகள் உண்டு.

பானைக்குள் கைவிடுகிறவன் அங்கமுத்து. அவன் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டி, முகத்தை ஏரிப் பக்கம் திருப்பி உட்கார வைப்பார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்க்கும். பாவம், கண்ணைக் கட்டினார்களே தவிர, யாருக்கும் விரலைக் கட்டத் தோன்றவில்லை. இருட்டில் வலையின் அறுந்த கண்ணியைத் தடவிப் பார்த்தே முடிச்சுப் போடுகிறவனுடைய விரலுக்குக் கண் எதற்கு? சிப்பியின் விளிம்பில் உள்ள ஒரு சின்ன உடைசல் போதும் அவனுக்கு. அடையாளத்தைத் தடவ வேண்டும் என்று கூட இல்லை.

பல வருஷம் அந்த விரல்கள் சொன்னதை அவன் கேட்காமல்தான் இருந்தான். கைக்கு வந்ததை எடுத்தான். பிறகு ஒரு சித்திரையில், அவன் பெண்டாட்டி பொன்னியம்மாளின் அண்ணன் செங்கல்வராயன் வந்து பல்லைக் காட்டினான்.

"மச்சான், பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கீறேன். ஓடைப்பாடு மட்டும் வந்துதுன்னா பொழைச்சிப்பேன்."

"அது அம்மன் கையில கீது."

"அம்மன் கை எது, உங்கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

 அன்றைக்குப் பானைக்குள் அங்கமுத்துவின் விரல்கள் தேடின. மைத்துனன் சிப்பி முதலில் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருமுறை தேடத் தொடங்கிய கை சும்மா இருக்குமா? யாருடைய சிப்பியைக் கடைசிக்குத் தள்ளினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் அது யோசித்தது. கோதண்டம் ஆரம்பாக்கத்திலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. வேலம்மாளைக் கட்டிக்கொண்டு அவள் அப்பன் வீட்டில் இருந்தவன். அவனுக்காகச் சண்டைக்கு வர குப்பத்தில் அண்ணன் தம்பி யாரும் இல்லை. அவனுடைய சிப்பி விரலில் பட்டபோதெல்லாம் அங்கமுத்து அதை ஒதுக்கி ஒதுக்கி விட்டான்.

கார்த்திகையில் முகத்துவாரம் கோதண்டத்தை இழுத்துக்கொண்டு போனது. தோணி மட்டும் கடல் பக்கத்து மணலில் கவிழ்ந்து ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை.

ஊரே விதி என்றது. அங்கமுத்து துக்கத்துக்குப் போய் வாசலில் நின்றபோது, மடியில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வேலம்மா அவனைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? உன்னிய யாராச்சும் எதுனா சொன்னாங்களா? அம்மன் எடுத்த சீட்டு. உங்கை இன்னா பண்ணும்?"

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூட அவன் பிழைத்திருப்பான். ஆறுதல் சொன்னாள். அது அவனை உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியது.

அடுத்த சித்திரைக்கு முன்னால், கை வலிக்கிறது என்று சொல்லிச் சீட்டெடுப்பதை விட்டான். வலை பின்னுவதையும் விட்டான். ஏரியில் ஆள் ஏற்றிப்போகும் தோணி தள்ளத் தொடங்கினான். காட்டூர் நெல் மூட்டை, கோட்டைக்குப் போகிற துணிக்கட்டு, ஆரம்பாக்கம் சந்தைக்குப் போகிற பெண்கள் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது தோணி காலியாக இருக்கும். பனி மூடியிருக்கும். அப்போது தோணியின் எதிர்முனையில் கோதண்டம் உட்கார்ந்திருப்பான்.  ஈர வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். கரை தட்டும்போது பார்த்தால் ஆள் இருக்க மாட்டான். பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவமானமாக இருந்தது. செத்தவன் முன்னால் துடுப்புப் போடுவதற்குக் கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பொன்னியம்மாளிடம் சொல்ல முடியுமா? அவளுடைய அண்ணனுக்காகத்தானே எல்லாம்.

அப்படி ஒரு காலையில் தோணியில் ஏறியவர்தான் மாசிலாமணி உபதேசியார். தெற்கே தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர். வயதில் அங்கமுத்துவுக்கு இளையவர், ஒல்லி, சளி இருமல். கோட்டைக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகையில் கொஞ்சப் பேரை உட்கார வைத்து ஜெபம் சொல்லிக்கொடுப்பார். வாரம் ஒருமுறை அக்கரைக்கும் போக வேண்டும். தண்ணீரைக் கண்டால் அவருக்கு உயிர் போகும். தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பயம் தெரியாமலிருக்க இயேசுசாமியின் கதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். கேட்கிறவனுக்காக இல்லை, தன் நடுக்கத்துக்காக. அங்கமுத்துவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தக் குரல் இருந்தால் எதிர்முனையில் கோதண்டம் வருவதில்லை என்று கவனித்தான். அதனால் அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினான்.

ஒருநாள் அவர் இயேசுசாமியைச் சிலுவையில் அறைந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மேலே சாமி தொங்கிக்கொண்டிருக்கிறார், கீழே சிப்பாய்கள் உட்கார்ந்து அவருடைய அங்கியை யார் எடுத்துக்கொள்வது என்று சீட்டுப் போட்டார்கள் என்றார். அங்கமுத்துவின் கையில் துடுப்பு நின்றுவிட்டது. தோணி தன்போக்கில் சுற்றியது.

"சீட்டா?" என்றான்.

உபதேசியார் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் வெள்ளையாக ஒன்றுமே தெரியவில்லை. "ஐயோ, ஏங்க நிறுத்திட்டீங்க?"

"சீட்டு எடுத்தவன் பேரு இன்னா?"

"பேர் ஒண்ணும் சொல்லலைங்க."

"அவன் இன்னா ஆனான் பொறவு?"

"அதுவும் தெரியாதுங்க. ஆனா அந்த நேரத்துலதான், இவங்களை மன்னிச்சிடுங்கன்னு சாமி வேண்டிக்கிட்டாரு. இவங்க செய்யறது இன்னதுன்னு இவங்களுக்குத் தெரியலைன்னு."

 தண்ணீர் தோணியின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரிஞ்சிதே ஐயா," என்று சொல்லிவிட்டு அங்கமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எல்லாவற்றையும் சொன்னான். நடு ஏரியில், பனிக்குள், தண்ணீருக்குப் பயந்த ஒரு மனிதரிடம்தான் அவனால் முதலில் சொல்ல முடிந்தது. உபதேசியார் விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கையை மெல்ல விட்டு அவன் தோளில் வைத்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு பல வாரம் கொட்டகையில் போய் உட்கார்ந்தான். தெரிந்து செய்தவனுக்கும் இடம் உண்டு என்று அவனுக்கு நம்பிக்கை வர நாளாயிற்று. வந்தபோது ஞானஸ்நானம் கேட்டான். புதுப் பெயர் என்ன வேண்டும் என்றார் உபதேசியார். வேண்டாம் என்றான். செய்தது அங்கமுத்து, வேறு பெயருக்குள் ஒளிந்துகொள்ள அவனுக்கு மனம் இல்லை. இன்னொன்றும் கேட்டான்.

"தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஊர்ல சொல்லிரணும். வேலம்மா கிட்ட சொல்லிரணும். சொன்னா வெட்டிப் போட்டாலும் போடுவாங்க. நீ இன்னா சொல்ற?"

உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நானும் வர்றேன்."

சித்திரையில், ஊர் கூடியிருந்தபோது, பானைக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னான். உபதேசியார் பின்னால் நின்று வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் செங்கல்வராயன் கத்தினான், பைத்தியம் பிடித்துவிட்டது, வேதத்தில் சேர்ந்து மூளை கலங்கிவிட்டது என்று. வேலம்மா எழுந்து வந்தாள். சின்னக் குரலில்தான் கேட்டாள்.

"எம் புருசன் சிப்பி உங்கையில பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"தெரிஞ்சே வுட்டியா?"

"தெரிஞ்சேதான் வுட்டேன்."

அவள் அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் தருமலிங்கம் தீர்ப்புச் சொன்னார். அங்கமுத்துவுக்குப் பாடு கிடையாது. குப்பத்துக்காரன் எவனும் அவனைத் தோணியில் ஏற்றக் கூடாது, அவன் தோணியில் ஏறவும் கூடாது. நெருப்பு, தண்ணீர், பேச்சு எதுவும் கிடையாது. ஊர்க் கோடியில் தாழம்புதருக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டான். பொன்னியம்மாள் அவனை விட்டுப் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. "வாய மூடிக்கினு சோத்தத் துன்னுருக்கலாம் நீ," என்று தினமும் சொன்னாள், தினமும் சோறும் போட்டாள். ஒரே குடிசையில் அவள் அம்மனுக்கு விளக்கு வைத்தாள், அவன் பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினான்.

ஞானஸ்நானம் ஆனதும் எல்லாம் கழுவிவிட்டது, இனி நாம் புது மனுஷன் என்று அவன் நினைத்தான். கோதண்டம் அதற்குப் பிறகு தோணியில் வரவில்லை என்பது உண்மை. ஆனால் வேலம்மா இருந்தாளே. தன் தோணியில் பிடித்த நல்ல மடவை மீன்களைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தான். அவள் அவற்றைக் காக்கைக்குப் போட்டாள். மறுபடி வைத்தான், மறுபடி காக்கை தின்றது. அவனுக்குக் கோபம் வந்தது. கடவுளே மன்னித்துவிட்டார், இவளுக்கு என்ன வந்தது என்று கொட்டகையில் போய்ப் பொருமினான். கிறிஸ்தவனான பிறகும் நம் ஆளின் புத்தி அப்படித்தான் இருந்தது.

உபதேசியார் இருமி முடித்துவிட்டுக் கேட்டார். "அந்த மீன் யாருக்குங்க? அவங்க பசிக்கா, உங்க நிம்மதிக்கா?"

அங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து மீன் வைப்பதை நிறுத்தினான். அவளிடம் எதையும் கேட்கக் கூடாது, மன்னிப்பைக் கூட, என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. அந்த விளக்கம் வந்த பிறகே அவன் மாறினான் என்று நான் நினைக்கிறேன். தலையில் தண்ணீர் ஊற்றிய நாளை விட எனக்கு இந்த நாள்தான் பெரிது.

முகத்துவாரத்து மணல் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. நேற்று தோணி போன வழியில் இன்று மேடு கட்டியிருக்கும். அங்கமுத்து விடியும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி ஆழம் பார்த்து, பாதுகாப்பான வழியின் இரண்டு பக்கமும் கழி நட்டு, நுனியில் தாழை நாரைக் கட்டிவிட்டு வருவான். அலை பிடுங்கிப் போட்டால் மறுபடி நடுவான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. குப்பத்துத் தோணிகள் அந்தக் கழிகளைப் பார்த்துத்தான் போய் வந்தன. போகிறவர்கள் அவனைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பனிக்குள் பூநாரைகளுக்கு நடுவே ஒரு மனிதன் தண்ணீர்மேல் நடக்கிற மாதிரி தெரியும். கோட்டைக்கு வந்துபோகும் துணி வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டு ஏதேதோ கதை கட்டினார்கள். அவனுக்குக் காலில் சேற்றுப்புண் வந்ததுதான் மிச்சம். ஆனால் அந்தக் காலைகளில் அவன் சந்தோஷமாக இருந்தான். தண்ணீர் வெளுக்கும்போது சாமியோடு பேசிக்கொண்டே கழி நடுவான். அவமானம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அதைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடக்க அவனுக்குப் பழகிவிட்டது.

இதற்கிடையில் ஊரில் சீட்டு நாறிப் போயிருந்தது. அங்கமுத்து சொன்ன நாளிலிருந்து எவன் கைவிட்டாலும் சந்தேகம். ஒருவன் கையில் துணி சுற்றினார்கள், அப்போதும் சந்தேகம். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள், அவனுக்கு யார் சொந்தம் என்று கிளறினார்கள். ஒரு சித்திரையில் பானையே உடைந்து, இரண்டு பேருக்கு மண்டையும் உடைந்தது. அதற்குள் வேலம்மாளின் கைப்பிள்ளை வேலு மீசை முளைத்த ஆம்பிளையாகி, அப்பன் பெயரில் பாடு கேட்கும் வயதுக்கு வந்திருந்தான்.

அந்த வருஷக் கூட்டத்தில் விடிந்ததிலிருந்து சண்டை. பானைக்குள் கைவிட யாரும் முன்வரவில்லை. வேலம்மா எழுந்தாள்.

"அங்கமுத்துவ இட்டுக்கினு வாங்க."

 தருமலிங்கம் தொண்டையைக் கனைத்தார். "இன்னா பேசுற நீ? அவன்தானே..."

"அவன்தான். தப்பா எடுத்தா இன்னா ஆவும்னு உங்க யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்."

ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். அங்கமுத்து பானையைப் பார்த்ததும் பின்வாங்கினான். கும்பிட்டான். "வேணாம். எவ்ளோ வருஷம் ஆனாலும் இந்த விரலுக்குத் தெரியும். என்னிய நம்பாதீங்க. இல்லன்னா கையில துணியாச்சும் சுத்துங்க."

"சுத்தாதீங்க," என்றாள் வேலம்மா. அவனுக்கு எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டாள். "கண்ணையும் கட்டாதீங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

அவன் கையை விட்டான். பழைய சிப்பிகள், பழைய உடைசல்கள். எல்லாம் விரலுக்கு அடையாளம் தெரிந்தது. கோதண்டத்தின் சிப்பியும் தெரிந்தது. இப்போது அது வேலுவுடையது. இரண்டு விரல் நகர்ந்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு ஓடைப்பாடு. அவன் அப்பனுக்குச் செய்ததை மகனுக்குச் சரிக்கட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யார் குற்றம் சொல்வார்கள்? அங்கமுத்துவின் நெற்றி வேர்த்தது. உதடு அசைந்தது, சாமியைத்தான் கூப்பிட்டிருப்பான். பிறகு கைக்கு முதலில் எது கிடைத்ததோ அதை எடுத்தான். அது செங்கல்வராயனுடையதும் இல்லை, வேலுவுடையதும் இல்லை. அடுத்ததை எடுத்தான். அதற்கடுத்ததை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் கோதண்டத்தின் சிப்பி எங்கோ ஓரத்தில் தள்ளிக் கிடந்தது. அவன் அதைத் தேடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. கடைசியில் பானைக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

அதை எடுத்து நீட்டும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "முகப்பாடு," என்றான். "வேலுவுக்கு."

கூட்டம் கொதித்தது. "பாத்தீங்களா? திரும்பவும் அதையே பண்ணிட்டான்!" என்று செங்கல்வராயன் குதித்தான். நாலு பேர் அங்கமுத்துவைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். வேலம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"சும்மா இருங்க. நான் அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். எம் புள்ளைக்கு நல்லது எடுத்துக் குடுக்கணும்னு ஆசப்பட்டான். எடுக்கல."

அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, அங்கமுத்துவின் கையிலிருந்து சிப்பியை வாங்கிக்கொண்டாள். ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பிறகு பொன்னியம்மாளைத் தவிர குப்பத்தில் எவரும் தொடாத கை அது. தருமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் அங்கமுத்துவிடம் பேசினாள். தன் வீட்டு வேலையைச் சொல்கிற குரல்தான்.

"வேலுவுக்கு அந்தத் தண்ணி பழக்கமில்ல. நாளைக்கிக் காலையில அவங்கூடத் தோணியில போ. பத்தரமா இட்டுக்கினு வா."